உழவரின் முறையீட்டை லண்டன் வரை கொண்டு சென்ற சென்னை வணிகர்: கஜுலு லட்சுமிநரசு செட்டியின் வாழ்க்கை

சென்னை: இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிக் குறைகளைப் பட்டியலிட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பிய ஓர் அமைப்பு சென்னையில் இருந்தது. அதன் பெயர் சென்னை சுதேசி சங்கம். அதை நிறுவியவர் வழக்கறிஞரோ பட்டம் பெற்ற அறிஞரோ அல்லர். அவுரியும் துணியும் விற்றுப் பொருள் ஈட்டிய ஒரு வணிகர்.

கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற அவ்வணிகர், நிலவரி கட்ட இயலாத உழவர்கள் சித்திரவதை செய்யப்படுவதை லண்டன் வரை கொண்டு சென்றார். அதன் விளைவாக விசாரணை ஆணையம் அமைந்தது. காவல் துறையின் அமைப்பே மாறியது. ஆனால், அப்பணியில் தம் செல்வத்தைச் செலவிட்ட அவர், இறுதியில் வறிய நிலையில் மறைந்தார்.

வணிகக் குடும்பத்தில் பிறப்பு

லட்சுமிநரசு செட்டி 1806-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அதே ஆண்டில்தான். அவருடைய தந்தை சித்துலு செட்டி, அவுரி வணிகத்தில் பெயர் பெற்றவர். நீலச் சாயம் எடுக்கப் பயன்படும் அவுரிக்கு அக்காலத்தில் ஐரோப்பியச் சந்தையில் பெரும் தேவை இருந்தது. சென்னைத் துறைமுகத்தின் வழியாக ஏற்றுமதி நடந்ததால், கடல் கடந்த வணிகத்தின் போக்கை அக்குடும்பம் நன்கு அறிந்திருந்தது.

லட்சுமிநரசு முறையான உயர்கல்வி பெறவில்லை. அக்காலச் சென்னையில் இந்தியர்களுக்கு அத்தகைய வாய்ப்பும் அரிது. எனினும் அரசியல் செய்திகளிலும் விவாதங்களிலும் அவருக்கு இளமையிலேயே ஈடுபாடு இருந்தது. தந்தையின் நிறுவனத்தில் தொழில் பழகிய அவர், பின்னர் அதன் பொறுப்பை ஏற்று வணிகத்தை விரிவுபடுத்தினார். பெரும் செல்வமும் ஈட்டினார். தமக்குப் போதுமான பொருள் சேர்ந்துவிட்டதாகக் கருதிய பின்னர், அவருடைய கவனம் பொது வாழ்வின் பக்கம் திரும்பியது.

கல்வி கேட்டு எழுந்த குரல்

சென்னை நகரில் பொதுக் கருத்து என்பது மெல்ல உருவெடுத்துக் கொண்டிருந்த காலம் அது. 1839-ஆம் ஆண்டு, அரசே ஆங்கிலக் கல்வி நிலையங்களைத் தொடங்க வேண்டும் என்று கோரி, சுமார் 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இம்முயற்சிக்குத் துணை நின்றார். இதைத் தொடர்ந்து 1841-இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியே பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1842-இல் பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளியும் தொடங்கப்பட்டது.

பெருந்திரளான மக்களின் கையொப்பம் அரசின் கதவைத் திறக்கும் என்பதைச் சென்னைவாசிகள் இதன் மூலம் கண்டனர். லட்சுமிநரசு செட்டி தம் வாழ்நாள் முழுவதும் கையாண்ட கருவியும் இந்த மனுதான்.

'கிரசென்ட்' இதழின் தோற்றம்

மனு ஒரு முறை பேசும். செய்தித்தாள் தொடர்ந்து பேசும். நாராயணசாமி நாயுடு என்பவர் நடத்தி வந்த ஓர் இதழை விலைக்கு வாங்கிய லட்சுமிநரசு செட்டி, அதற்கு 'கிரசென்ட்' எனப் பெயரிட்டு 1844 அக்டோபரில் வெளியிடத் தொடங்கினார். பிறைநிலா என்று பொருள்படும் இவ்விதழ், சென்னையில் இந்தியருக்கு உரிமையான முதல் ஆங்கிலச் செய்தித்தாளாகக் கருதப்படுகிறது. 'தி இந்து' நாளிதழ் தொடங்கப்பட்டது 1878-இல்தான்.

எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை அவர் ஆசிரியராக அமர்த்தினார். ஆட்சியாளர்களின் மொழியில், அவர்கள் புறந்தள்ள இயலாத நடையில் குறைகளை எழுத வேண்டியிருந்ததால், இது நன்கு எண்ணி எடுத்த முடிவாகவே தோன்றுகிறது. அரசு வட்டாரங்கள் இதழை விரும்பவில்லை. இதழ் குறித்த விளம்பரத்தை அரசிதழில் வெளியிடவும் அதிகாரிகள் மறுத்தனர். விற்பனையை மட்டும் நம்பி இயங்க இயலாத அவ்விதழை லட்சுமிநரசு செட்டியின் வணிக வருவாயே தாங்கி நின்றது.

மதமும் சொத்துரிமையும்

'கிரசென்ட்' இதழின் தொடக்க ஆண்டுகளில் முதன்மை இடம் பெற்றது மிஷனரிகளின் செயல்பாடு குறித்த சர்ச்சையே. 1842 முதல் 1848 வரை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, மிஷனரிகளுக்கு வெளிப்படையான ஆதரவு காட்டினார். அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று 1846-இல் அவர் பரிந்துரைத்தார். அரசின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தின் நூலைப் பாடமாக வைப்பதை எதிர்த்து லட்சுமிநரசு செட்டியும் அவருடைய நண்பர்களும் பொதுக்கூட்டம் கூட்டினர். கம்பெனியின் இயக்குநர்கள் அப்பரிந்துரையை ஏற்கவில்லை.

இதே காலத்தில் மற்றொரு சட்ட முன்வரைவும் விவாதத்துக்கு உள்ளானது. மதம் மாறியவர்கள் தங்கள் மூதாதையர் சொத்தில் பங்குரிமையை இழக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். லட்சுமிநரசு செட்டி இதை உறுதியாக எதிர்த்தார். இந்துக் குடும்பத்தில் சொத்துரிமை சமயக் கடமைகளோடு பிணைந்தது என்பது அவர் தரப்பின் வாதம். எதிர்ப்பை மீறி அது 1850-இல் சட்டமானது.

இன்றைய பார்வையில் இவ்விரு போராட்டங்களும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. முதலாவது, அரசு எந்த மதத்தையும் சாரக் கூடாது என்ற கோரிக்கை. இரண்டாவது, தன் மனசாட்சிப்படி மதம் மாறிய ஒருவரின் சொத்துரிமையை மறுத்த நிலைப்பாடு. லட்சுமிநரசு செட்டி தம் காலத்தின், தம் சமூக நிலையின் எல்லைகளுக்கு உட்பட்டவராகவும் இருந்தார் என்பதை இது காட்டுகிறது.

சென்னை சுதேசி சங்கம்

கிழக்கிந்திய கம்பெனிக்கு இந்தியாவை ஆளும் உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை சாசனத்தின் மூலம் புதுப்பித்து வந்தது. 1833-ஆம் ஆண்டின் சாசனம் 1853-இல் முடிவடைய இருந்தது. கம்பெனியின் ஆட்சி எவ்வாறு நடந்தது என்பதை நாடாளுமன்றம் ஆராயும் அந்தத் தருணத்தில் இந்தியர்கள் பேசாவிட்டால், அடுத்த வாய்ப்புக்கு மேலும் 20 ஆண்டுகள் காத்திருக்க நேரிடும்.

இதை உணர்ந்து கல்கத்தாவில் 1851 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய சங்கம் தொடங்கப்பட்டது. அதன் கிளையாகவே 1852 பிப்ரவரியில் சென்னை அமைப்பு உருவானது. ஆனால் சில மாதங்களிலேயே அது கல்கத்தாவிடமிருந்து பிரிந்து, சென்னை சுதேசி சங்கம் என்ற பெயரில் தனித்து இயங்கத் தொடங்கியது.

இப்பிரிவுக்கு நிலவரி முறையின் வேறுபாடு முக்கியப் பின்னணியாக இருந்தது. வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் நிரந்தரமாக நிர்ணயித்த தொகையை அரசு வசூலித்தது. கல்கத்தா சங்கத்தில் ஜமீன்தார்களின் செல்வாக்கே மிகுந்திருந்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறை நடைமுறையில் இருந்தது. இங்கு அரசு ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாக வரி வாங்கியது. இரு மாகாணங்களின் வலியும் வேறு என்பதால், இரண்டையும் ஒரே மனுவில் அடக்க இயலவில்லை.

மனுவில் இடம்பெற்றவை

1852 டிசம்பரில் சங்கம் தயாரித்த மனு, 1853-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நிலவரியின் சுமை, தறிகள் மீதும் கைத்தொழில்கள் மீதும் விதிக்கப்பட்ட வரிகள், உப்பு விற்பனையில் அரசின் ஏகபோகம், நீதிமன்றங்களில் வழக்குகளின் தேக்கம், சாலைகளும் பாசனப் பணிகளும் கவனிக்கப்படாத நிலை, கல்விக்கு ஒதுக்கப்பட்ட சொற்பத் தொகை ஆகியவை அதில் இடம்பெற்றன.

பிறப்பு, மதம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்த இந்தியருக்கும் அரசுப் பதவி மறுக்கப்படாது என 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் உறுதியளித்திருந்தது. ஆனால் உயர் பதவிகளில் இந்தியர்கள் அமர்த்தப்படவில்லை. சட்டம் இயற்றும் அவையில் இந்தியருக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தக் காலகட்டத்தில்தான் வலுப்பெற்றது.

ஆயினும் 1853-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் கம்பெனியின் ஆட்சியை நீட்டித்தது. சங்கத்தின் பெரும்பாலான கோரிக்கைகள் நிறைவேறவில்லை. லட்சுமிநரசு செட்டி அத்துடன் ஓயவில்லை.

கிட்டியும் அண்ணாந்தாளும்

சங்கம் முன்வைத்த குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது வரி வசூலில் நடந்த சித்திரவதை குறித்ததாகும். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் வரியைப் பணமாகச் செலுத்த வேண்டிய கட்டாயத்தில் குடியானவர்கள் இருந்தனர். செலுத்தாதவர்களைக் கீழ்நிலை ஊழியர்கள் பல வகையில் வதைத்தனர்.

இரண்டு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். உடலை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து நிறுத்துவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது, உணவும் நீரும் கொடுக்காமல் அடைத்து வைப்பது ஆகியவையும் வழக்கத்தில் இருந்தன. இவற்றுக்கெல்லாம் ஊரறிந்த பெயர்கள் இருந்ததே, இக்கொடுமை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி வரி வசூல் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் பொறுப்பையும் வகித்தார். அடித்தவரின் மேலதிகாரியிடமே அடிபட்டவர் புகார் அளிக்க வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு நாள்கணக்கில் நடந்து செல்லவும், அங்குத் தங்கி வழக்கு நடத்தவும் ஏழை உழவருக்கு வசதி இல்லை.

ஆங்கில எம்.பி.யின் பயணம்

இந்திய ஆட்சியைச் சீர்திருத்த வேண்டும் என்று கருதிய ஆங்கிலேயர் சிலர் 1853-இல் லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் தலைவரான ஹென்றி டேன்பி சீமோர் நாடாளுமன்ற உறுப்பினர். அதே ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார்.

லட்சுமிநரசு செட்டி இதை அரிய வாய்ப்பாகக் கண்டார். தாளில் எழுதிய குற்றச்சாட்டை லண்டன் மறுக்கலாம். தன் உறுப்பினர் ஒருவரே கேட்டறிந்ததை நாடாளுமன்றம் எளிதில் மறுக்க இயலாது. கடலூர், கும்பகோணம், திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட ஊர்களுக்கு சீமோரை அவர் உடன் அழைத்துச் சென்றார். ரயில் பாதை இல்லாத காலம் அது. சென்னையிலிருந்து முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856-இல்தான். மாட்டு வண்டியும் பல்லக்கும் மட்டுமே துணையாக இருந்த சாலைகளில் அப்பயணம் நடந்தது. உழவர்கள் தங்கள் நிலையை சீமோரிடம் நேரில் எடுத்துரைத்தனர்.

லண்டன் திரும்பிய சீமோர், 1854 ஜூலையில் மக்களவை விவாதத்தில் இதை எடுத்துரைத்தார். இந்தியாவில் பணியாற்றிய அனுபவம் உள்ள உறுப்பினர்கள் சிலர் அதை ஏற்க மறுத்தனர். எனினும் குற்றச்சாட்டை விசாரிக்காமல் விட்டுவிட அரசால் இயலவில்லை. சென்னை மாகாணத்தில் சித்திரவதை குறித்து ஆராய 1854-ஆம் ஆண்டிலேயே ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள்.

ஆணையத்தின் முடிவு

சில மாதங்களே நீடித்த விசாரணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. கடிதம் எழுத வசதி இல்லாதவர்கள் தொலைதூர ஊர்களிலிருந்து சென்னைக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்தனர். 1855 ஏப்ரலில் அளிக்கப்பட்ட அறிக்கை, வரி வசூலுக்காகவும் குற்ற விசாரணையின்போதும் சித்திரவதை நடப்பது உண்மையே என ஒப்புக்கொண்டது. வரி அதிகாரத்தையும் காவல் அதிகாரத்தையும் பிரிக்க வேண்டியதன் தேவையையும் சுட்டிக்காட்டியது.

அறிக்கையில் பெரும் குறையும் இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகள் எவருக்கும் இதில் பங்கில்லை என்று கூறிய ஆணையம், பழி முழுவதையும் இந்தியக் கீழ்நிலை ஊழியர்கள் மீதே சுமத்தியது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை ரூபாய் வசூலாக வேண்டும் என்று வற்புறுத்திய மேலிடம் பொறுப்பிலிருந்து தப்பியது.

ஆயினும் அறிக்கையின் தாக்கம் தொலைதூரம் சென்றது. 1857-ஆம் ஆண்டு எழுச்சியில் இந்தியர்கள் கொடுமை இழைத்ததாக ஆங்கில இதழ்கள் எழுதிய வேளையில், கார்ல் மார்க்ஸ் இந்த ஆணையத்தின் ஆவணங்களை எடுத்துக்காட்டி 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' இதழில் கட்டுரை எழுதினார். சென்னை மாகாணத்து உழவரின் முறையீடு அவ்வாறு அமெரிக்க வாசகர்களையும் எட்டியது.

1859-இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. வரித் துறையிலிருந்து காவல் துறை பிரிக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம் உருவானபோது சென்னையின் அனுபவம் முன்மாதிரியாக இருந்தது. காவல் நிலையங்களில் சித்திரவதை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. ஆனால் வரி கேட்பவரும் விலங்கு பூட்டுபவரும் ஒருவரே என்ற நிலை முடிவுக்கு வந்தது.

பிளவும் சட்ட மேலவைப் பதவியும்

சங்கத்தின் உள்ளே கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. பெண் கல்வி, கைம்பெண் மறுமணம் போன்ற சமூகச் சீர்திருத்தங்களுக்கு முதலிடம் தர விரும்பிய சீனிவாச பிள்ளை, வெங்கடராயலு நாயுடு முதலியோர் தனி வழியில் சென்றனர். அரசியல் உரிமையை முன்னிறுத்துவதா, சமூகத்தைத் திருத்துவதா என்ற கேள்வி பிற்காலத் தேசிய இயக்கத்தையும் நெடுங்காலம் தொடர்ந்தது. அதன் ஆரம்ப வடிவத்தை 1850-களின் சென்னையிலேயே காண முடிகிறது.

கம்பெனியின் ஆட்சியை முடித்து, இந்தியாவை பிரிட்டிஷ் அரசின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவர வேண்டும் என்றும் சங்கம் கோரியது. 1857 எழுச்சிக்குப் பின், 1858-இல் அம்மாற்றம் நிகழ்ந்தது. லட்சுமிநரசு செட்டி விடுதலை கேட்டவர் அல்லர். பொறுப்புள்ள ஆட்சி கேட்டவர். கம்பெனியைவிட நாடாளுமன்றம் நீதியோடு நடக்கும் என்ற அவர் நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதை அடுத்து வந்த தலைமுறைகள் அறிந்துகொண்டன.

1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்கீழ் சென்னை சட்ட மேலவையில் இந்தியர்களும் நியமிக்கப்பட்டனர். முதலில் இடம்பெற்ற வி. சடகோபாச்சார்லு 1863-இல் மறைந்ததை அடுத்து, அவ்விடத்துக்கு லட்சுமிநரசு செட்டி நியமிக்கப்பட்டார். இந்திய நட்சத்திர விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் அன்றைய உறுப்பினர்களுக்கு வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவோ கேள்வி எழுப்பவோ உரிமை இல்லை. அவையின் முன் வைக்கப்பட்ட சட்ட முன்வரைவைப் பற்றி மட்டுமே அவர்கள் பேச முடிந்தது. அவைக்கு வெளியே இருந்து அவர் ஆற்றிய பணியோடு ஒப்பிட்டால், அவைக்குள் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

இறுதி ஆண்டுகள்

இதழ் நடத்தவும், சங்கத்தைப் பேணவும், மனுக்களை அனுப்பவும் லட்சுமிநரசு செட்டி தம் பொருளைத் தொடர்ந்து செலவிட்டார். சந்தா சேர்த்து அமைப்பு நடத்தும் பழக்கம் ஊன்றாத காலத்தில், நிறுவியவரின் பணப்பெட்டியே சங்கத்தின் நிதியாக இருந்தது. செலவு பெருகப் பெருக அவருடைய செல்வம் கரைந்தது. 1860-களில் சங்கமும் செயலற்றுப் போனது. அவுரியும் துணியும் ஏற்றுமதி செய்த குடும்பத்தில் பிறந்தவர், 1868-ஆம் ஆண்டு வறுமை நிலையில் காலமானார்.

தனி ஒருவரின் செல்வத்தை நம்பிய அமைப்பு, அச்செல்வத்தோடு ஓய்ந்துபோனது. அடுத்து வந்தவர்கள் இதிலிருந்து பாடம் கற்றனர். 1884-இல் மு. வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், பி. அனந்தாச்சார்லு ஆகியோர் சென்னை மகாஜன சபையைத் தொடங்கியபோது, பல ஊர்களில் இயங்கிய சங்கங்களை ஒன்றிணைத்து அடித்தளத்தை அகலப்படுத்தினர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். மூன்றாவது மாநாடு 1887-இல் சென்னையிலேயே நடைபெற்றது.

ஆங்கில இதழ், பொதுக்கூட்டம், கையொப்பமிட்ட மனு, நாடாளுமன்ற உறுப்பினரின் ஆதரவு, ஆட்சியாளரின் விசாரணை அறிக்கையையே சான்றாக்கும் முறை ஆகிய அனைத்தையும் தொடக்கக் காலக் காங்கிரஸ் தலைவர்கள் பின்பற்றினர். அவை ஒவ்வொன்றையும் லட்சுமிநரசு செட்டி ஒரு தலைமுறைக்கு முன்பே சென்னையில் சோதித்துப் பார்த்திருந்தார். கிட்டியில் விரல் நசுங்கிய பெயர் தெரியாத உழவர்களின் சாட்சியம் இன்றும் அரசு ஆவணமாக நிலைத்திருப்பதற்கு அந்த வணிகரின் முயற்சியும் ஒரு காரணமாகும்.